'டூ' என்னும் ஆங்கில அடையும் தமிழின் 'மிக'வும்

ஆங்கிலத்தின் 'வெரி', 'டூ' ஆகிய இரண்டனுக்கும் 'மிக', 'மிகவும்' என்றே வகுப்பறையில் பொருள் கூறப்படுகிறது. முன்னது மிகுதியை மட்டும் சுட்டும். பின்னது ஏற்கத்தக்க எல்லையைக் கடந்த மிகுதியைச் சுட்டும். 'காப்பி மிகவும் சூடாக உள்ளது' என்பது சூட்டை விரும்புவார்க்குப் பாராட்டே. 'டூ ஹாட்' என்பதிலோ குறை கூறுதல் உள்ளடங்கும். 'குடிக்க முடியாத அளவுக்குச் சூடு' என எழுதியமைக்கு, மூலத்தில் 'முடியாது' இல்லையென இக்கட்டுரையாளர் இளங்கலையில் மதிப்பெண் இழந்ததுண்டு.

இதனால் தமிழில் அப்பொருளே இல்லை எனத் துணிவது பொருந்தாது. உறு, தவ, நனி என்னும் தொல்காப்பிய உரிச்சொற்களும், சால, கூர், கழி என நன்னூல் உடன்சேர்ப்பனவும் மிகுதிப் பொருளனவாகவே கூறப்படுகின்றன. எல்லை கடத்தல் தனியே பிரிக்கப்படவில்லை. ('கழி' மட்டும் தன் வினைப்பொருளால் சற்று ஐயம் தருகிறது.) ஆயின் திருக்குறளின் 'மருந்து' அதிகார முதற்குறளில், 'மிகு' என்னும் வினை குறைதலுக்கு மறுதலையாக நின்று, அளவு கடந்து நோய் செய்தலையே உணர்த்துகிறது. வினையாக நிற்கையில் இருந்த இப்பொருள், 'மிக' என அடையாகும்போது மங்குகிறது. எல்லை மீறலைத் தமிழ் அடையில் அன்றி வினையில் வைத்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மீறு, மிஞ்சு, கடந்த, அளவிறந்த என்பனவும் இதற்குச் சான்று.

பேச்சுவழக்கு மேலும் நுட்பமானது. 'நிரம்ப' என்பதன் திரிபாகிய 'ரொம்ப', 'ரொம்ப நல்லவர்' என்பதில் மிகுதி. 'ரொம்பப் பேசாதே' என விலக்கும்போது எல்லை மீறல். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிப் பேச்சில் இவ்விடத்தை 'ஓவர்' பெரிதும் பற்றியுள்ளது: 'ஓவரா பேசுறான்', 'இது ஓவர்'. 'டூ' அவ்வாறு பரவவில்லை. 'டூ சூடு' என்பார் எவருமிலர். 'டூ மச்' என்னும் உறைந்த தொடராகவே அது வந்தது. அதனையும் இரண்டு எனக் கேட்டு 'த்ரீ மச்' என நகைப்பாக ஏற்றுகின்றனர். 'ஓவர்' பெயர்போல் நின்று பயனிலையாகவும், 'ஆக' ஏற்று அடையாகவும் வருதலே அதன் பரவலுக்குக் காரணம் எனலாம். இதனை வெறும் கலப்பு என ஒதுக்குவோர், 'ரொம்பப் பேசுறான்' என்பதில் பாராட்டுக்கும் இடமுண்டு, 'ஓவரா பேசுறான்' என்பதில் அதற்கு இடமில்லை என்பதை நோக்குவதில்லை.

எனவே 'டூ' என்பதற்குத் தனிச்சொல் தேடுவதினும், 'தூக்க முடியாத அளவுக்குக் கனம்' எனத் தொடரால் பெயர்ப்பதே தமிழியல்புக்கு ஏற்றது. எல்லை இன்னதெனக் கூறப்படாத இடத்தில் 'அளவுக்கு மீறிய' போதுமானது. இருமொழி அகராதிகள் 'மிக' என்பதனோடு இவ்விரண்டனையும் சேர்த்துத் தரவேண்டும்.