மும்முனை மோட்டாரும் வீட்டு மின்சாரமும்

மார்கழிக் கச்சேரிகளுக்காக இலங்கையின் வெள்ளவத்தையிலிருந்து மயிலாப்பூருக்கு வந்திருந்த நண்பரொருவர், எங்கள் தெருப் பின்கட்டில் நடக்கும் சிறு பட்டறையில் மும்முனை மோட்டாரொன்று வீட்டு இணைப்பிலேயே துளையிடும் யந்திரத்தைச் சுழற்றக் கண்டு, "என்ன ஐயா, மூண்டு பேஸ் மோட்டாருக்கு வீட்டுக் கறண்டோ? எங்கட பக்கம் சபைக்கு எழுதிப் போட்டு லைன் எடுத்துத்தான் ஓட்டுவம்" என்று சொல்லிப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்குப் பதில் சொல்லாமல் விடுவது பட்டறைக்காரருக்கு நியாயமாகாது.

ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி வரும் மூன்று மின்னோட்டங்கள் சேர்ந்து எழுப்பும் சுழல் காந்தப்புலம், ஒருமுனை மின்சாரத்தில் தானாகத் தோன்றுவதில்லை. ஆகவே நம் மெக்கானிக் மோட்டாரின் பெட்டியைத் திறந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஸ்டாரில் கிடந்த சுற்றுகளை டெல்டாவாக மாற்றி, இரண்டு முனைகளில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்து, மூன்றாவதற்குக் கண்டன்சர் ஒன்றின் வழியாக அதையே விலக்கி அனுப்புகிறார். குதிரைத்திறன் ஒன்றுக்குச் சுமார் 50 மைக்ரோஃபாரட் என்பது கணக்கு. மோட்டாரின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும்; கிளம்பும்போது திணறாதிருக்க இன்னொரு கண்டன்சரைச் சேர்த்து, வேகம் பிடித்ததும் விலக்கிவிட வேண்டும். துளையிடவும் மெருகேற்றவும் இது தாராளம், கம்ப்ரஸருக்கு ஆகாது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் கோயமுத்தூரில் மோட்டார் செய்து காட்டிய தேசத்தில், ரீவைண்டிங் கடைப் பையன்கூட இவ்வித்தையை அறிந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

வீட்டுக் கட்டணத்தில் தொழில் நடத்துவது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகந்தான். அகப்பட்டால் இரட்டைக் கட்டணம். ஆயினும் அது கட்டண வகையைப் பற்றிய குற்றமேயன்றிக் கண்டன்சரின் குற்றமன்று என்பதை நண்பர் கவனிக்கவில்லை.

இலங்கையிலோ, 1969-இல் ஏற்பட்ட மின்சார சபை, வீடுகளுக்கே 30 ஆம்பியர் மும்முனை இணைப்பு வழங்குகிறதாம். நாம் வாரியம் என்பதை அவர்கள் சபை என்கிறார்கள். நம் பாடநூலின் மின்தேக்கி அங்கே கொள்ளளவி. நாம் கட்டம் என்பது அவர்களுக்கு அவத்தை. காதுக்கு இனிமையாகவே இருக்கின்றன. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளுக்கு அப்பால் அங்குள்ள பட்டறைகளை நான் சாவகாசமாகப் பார்த்ததில்லையாதலால், அவர்களுடைய ஒழுங்கைக் குறித்து நண்பரின் வாக்கையே பிரமாணமாகக் கொள்கிறேன். ஆனால் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போனபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களே. அப்போது எந்தச் சபைக்கு எழுதிப் போட்டார்கள்? அந்தச் சாமர்த்தியத்தின் சகோதரந்தான் எங்கள் கண்டன்சர்.

இப்போது ரிச்சி தெருவில் டிரைவ் கிடைக்கிறது. ஒருமுனையை வாங்கி மும்முனையாக்கித் தரும் இப்பெட்டி சக்தியையும் குறைப்பதில்லை. ஆயினும் நம் நாட்டு மோட்டார்களில் மூன்று குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் கட்டப்பட்டு வருவதால், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சாதாரண டிரைவால் அவற்றின் முழுச் சக்தியையும் பெற முடியாது. அத்தகைய மோட்டாருக்கு, நண்பர் சொன்னபடி, விண்ணப்பம் எழுத வேண்டியதுதான், வாரியத்துக்கு.