அறிவுரையும் ஒரு மருந்து: ஏ. இராமச்சந்திரனின் நீரிழிவுத் தடுப்பாய்வும் கெடா மாநிலத் தமிழரும்

முன்னுரை

நீரிழிவு குறித்துத் தமிழில் வெளிவரும் நூல்களும் துண்டறிக்கைகளும் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பட்டியலையே தருகின்றன: சர்க்கரையை ஒதுக்குக; சோற்றைக் குறைத்துக்கொள்க; நாள்தோறும் நடக்க. இவ்வறிவுரைகள் நோயை மெய்யாகவே தடுக்க வல்லனவா என்பதைத் தமிழ் மண்ணில் அளந்து பார்த்தவர் சென்னை நீரிழிவு மருத்துவ அறிஞர் ஏ. இராமச்சந்திரன். அவரும் சி. சினேகலதா முதலிய உடனாய்வாளர்களும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் 'டயபெட்டாலஜியா' என்னும் ஆய்விதழில் வெளிவந்தன. அவ்வாய்வின் பெறுபேற்றையும் எல்லையையும் மதிப்பிட்டு, கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழர்க்கு அது எவ்வளவு பொருந்தும் எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவ ஆய்வொன்றைத் தமிழியல் இதழில் திறனாய்வு செய்வது ஏன் என்னும் ஐயம் எழலாம். மாத்திரை வேதிப்பொருளால் ஆனது. அறிவுரையோ சொல்லால் ஆனது. சொல்லின் பயனை ஆராய்வது நமக்கும் உரிய கடமையே. மேலும், இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. மலேசியத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, 2019-ஆம் ஆண்டில் 18 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்வளவு 31.4 விழுக்காடாகும். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும், ஏறத்தாழ மூவருள் ஒருவர் என்னும் 2019-ஆம் ஆண்டு நிலை நம் சமுதாயம் எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

ஆய்வும் அதன் பெறுபேறும்

வாழ்க்கை முறையை மாற்றி நீரிழிவைத் தடுக்கலாம் என்பதை 1997-இல் சீன ஆய்வும், 2001-இல் பின்லாந்து ஆய்வும், 2002-இல் அமெரிக்க ஆய்வும் நிறுவியிருந்தன. அமெரிக்க ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடும், மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடும் குறைத்தன. ஆனால், அவ்வாய்விற்கு உட்பட்டோருள் பெரும்பாலோர் மிகுந்த உடற்பருமன் உடையவர். அத்துணைப் பருமன் இல்லாமலே, இளம் வயதிலேயே இந்நோய்க்கு ஆளாகும் தென்னிந்தியர்க்கு அம்முடிவு பொருந்துமா என்பதே இராமச்சந்திரன் எழுப்பிய வினா.

நீரிழிவிற்கு முந்திய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர்க்குப் பொதுவான மருத்துவக் கவனிப்பு மட்டும் கிட்டியது. இரண்டாம் குழுவினர்க்கு உணவு, உடலுழைப்புப் பற்றிய அறிவுரையும், மூன்றாம் குழுவினர்க்கு மெட்ஃபார்மினும், நான்காம் குழுவினர்க்கு இரண்டும் வழங்கப்பட்டன. மூன்றாண்டு முடிவில் முதற்குழுவில் 55.0 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். ஏனைய குழுக்களில் அவ்வளவு முறையே 39.3, 40.5, 39.5 விழுக்காடாக இருந்தது.

இவ்வெண்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கன. அறிவுரை பெற்றோரும் மாத்திரை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவு நன்மை அடைந்தனர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தமையால் கூடுதல் பயன் விளையவில்லை. அறிவுரை பெற்ற குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும் நோய் தடுக்கப்பட்டது என்பது மற்றொரு சிறப்பு. எடை குறையவில்லையே என்று மனம் தளர்வோர்க்கு இச்செய்தி பெரிதும் ஊக்கம் தருவதாகும்.

இவ்வாய்வில் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது மருந்தின் அளவாகும். அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் வேளைக்கு 850 மில்லிகிராமாக நாளைக்கு இருவேளை கொடுக்கப்பட்டது. சென்னையிலோ அது வேளைக்கு 250 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் கூட்டிக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை தாழ்வதற்கான அறிகுறிகள் தோன்றியமையே இதற்குக் காரணம். மருந்து வேற்று நாட்டிலிருந்து வந்ததாயினும் அதன் அளவு உள்ளூர் உடலுக்கேற்ப மாற்றப்பட்டது. இதனை ஓர் ஆய்வறிஞரின் நேர்மை எனலாம். மாத்திரைக்குக் காட்டப்பட்ட இந்நுட்பம் அறிவுரைக்கும் காட்டப்பட வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆய்வின் எல்லை

இனி, இவ்வாய்வின் எல்லையை நோக்குவோம். பங்கேற்ற 531 பேருள் ஆடவர் 421 பேர். பெண்டிர் 110 பேரே. பணியிடங்கள் வழியே ஆள் திரட்டியமையால் இவ்வேறுபாடு நேர்ந்தது எனக் கருதலாம். பின்னர், 2013-ஆம் ஆண்டில் இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆய்வு, பணிபுரியும் ஆடவரை மட்டுமே உட்கொண்டது. அதில் பங்கேற்ற 537 ஆடவருள் குறுஞ்செய்தி பெற்றோரில் 18 விழுக்காட்டினர்க்கும், பெறாதோரில் 27 விழுக்காட்டினர்க்கும் ஈராண்டிற்குள் நீரிழிவு வந்தது. சில சொற்களே கொண்ட செய்தி ஒரு நோயைத் தடுக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும், அச்செய்தி ஆடவனின் கைப்பேசிக்குச் சென்றது. உலையில் எவ்வளவு அரிசி இடுவது என்பதை முடிவு செய்பவள் பெரும்பாலும் இல்லத்துப் பெண். அவளுடைய உடலும் அவளுடைய சொல்லும் இவ்வாய்வுகளில் போதிய இடம் பெறவில்லை.

மற்றோர் எல்லையும் உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு அறிவுரை கூறிய இவ்வாய்வு, முன்னரே உடலால் உழைப்போரைத் தம் வழக்கத்தைத் தொடருமாறு பணித்தது. நகரத்துப் பணியாளர்க்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால், உழைப்பே கையை விட்டுப் போன ஒரு சமுதாயத்திற்குத் 'தொடர்க' என்னும் சொல் என்ன பொருள் தரும்?

கெடா தோட்டமும் நகரமும்

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், கோலக்கெட்டில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் ஆணும் பெண்ணும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாகச் சில நூறு மரங்களை வெட்டி, பின் பாலெடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து நிறுவைக்குக் கொணர்ந்த காலம் ஒன்று இருந்தது. அவ்வுழைப்பிற்கு வட்டில் நிறைந்த சோறும் இனிப்பு மிகுந்த தேநீரும் தேவையாக இருந்தன. பின்னர், இரப்பர் செம்பனைக்கு இடம் கொடுத்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ஆலைக்குச் சென்று நாள் முழுதும் ஓரிடத்தில் நிற்கவோ அமரவோ நேர்ந்தது. நடை ஒழிந்தது, வட்டிலின் அளவோ அப்படியே நின்றது. அதனுடன் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன.

இம்மாற்றத்தின் விளைவை இராமச்சந்திரனின் மற்றோர் ஆய்வே முன்னுணர்த்தியுள்ளது. 1989-இல் தமிழகச் சிற்றூர் மக்களிடையே அவர் கண்ட நீரிழிவின் அளவு 2.4 விழுக்காடு. 2003-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அஃது ஆறு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வாழ்க்கை முறை மாறினால் சிற்றூரும் தப்பாது என்பதை இது காட்டுகிறது. ஆகவே, கெடா தமிழர்க்கு ஏற்ற வழிகாட்டலை அவருடைய தடுப்பாய்வில் மட்டும் தேடாமல், இச்சிற்றூர் ஆய்வோடு சேர்த்துப் படிப்பதே முறையாகும். இழந்த உழைப்பு எவ்வளவு என்பதை உணர்த்தாத அறிவுரை, 'நாங்கள் காலமெல்லாம் இப்படித்தானே உண்டோம்' என்னும் முதியோரின் மறுமொழிக்கு முன் தோற்றுவிடும். அம்மறுமொழி அறியாமையால் எழுவதன்று. அவர்தம் பட்டறிவால் எழுவது. அதற்கு மதிப்பளித்த பின்னரே மாற்றத்தைப் பற்றிப் பேச இயலும்.

சொல்லின் அளவு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துக் கலைச்சொற்களையும் ஆக்கினார். அம்மரபு மருத்துவ மாணவர்க்கு உரியது. நோயாளிக்கு உரிய தமிழ் அதனின் வேறானது. இந்நோய்க்கே மதுமேகம், நீரிழிவு, சர்க்கரை நோய், இனிப்பு நீர் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. மலாய்மொழி வழக்கான 'கென்சிங் மானிஸ்' என்பதும் இனிப்பான சிறுநீர் என்றே பொருள்படும். இப்பெயர்கள் இனிப்பை முன்னிறுத்துவதால், சர்க்கரையை விட்டுவிட்டால் போதும், சோறு தீங்கற்றது என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. எனவே, பெயரை விளக்குவதே அறிவுரையின் முதற்படியாதல் வேண்டும்.

இதற்கு எதிராக, ஒரு சொல்லே முழு அறிவுரையாக அமைவதும் உண்டு. தேநீர்க் கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும். 'கோசோங்' மலாய்ச் சொல்லாயினும் தோட்டத்தாரும் நகரத்தாரும் நாவில் பழகியது. 'மாச்சத்து மிகுந்த உணவைத் தவிர்க்க' என்னும் தூய தொடரினும், 'கோசோங் கேளுங்கள். இரண்டு அகப்பைச் சோற்றை ஒன்றாக்குங்கள்' என்னும் தொடர் கடைப்பிடித்தற்கு எளியது. தூய தமிழ் வேண்டா என்பது நம் கருத்தன்று. கேட்போர் வீட்டிற்குச் சென்று செய்ய இயலாத சொல், எத்துணை அழகியதாயினும், அளவு தவறிய மருந்தே ஆகும்.

முடிவுரை

இராமச்சந்திரனின் ஆய்வு அறிவுரையை மருந்திற்கு நிகராக உயர்த்தியது. மருத்துவ உலகிற்கு அவர் அளித்த கொடைகளுள் இதனைத் தலையாயது எனலாம். ஆயின், மருந்திற்கு நிகரான ஒன்று மருந்தைப் போலவே ஊர்தோறும் அளக்கப்படவும் திருத்தப்படவும் வேண்டும். பீடோங் வட்டாரத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. அங்குப் பயிலும் மருத்துவ மாணவரும் நம் துறை மாணவரும் இணைந்து, தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்த குடும்பங்களின் உணவுச் சொற்களையும், அளவுச் சொற்களையும், நோய் பற்றிய வழக்குகளையும் தொகுத்தால், அத்தொகுப்பு அகராதிக்கும் பயன்படும், மருத்துவமனைக்கும் பயன்படும். அப்பணியில் பெண்களின் சொல்லை முதலில் கேட்பது, சென்னை ஆய்வுகள் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பும் வழியாகும். மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்பிற்கு முதன்மைக் காரணம் நீரிழிவே என்பதை நினைவிற் கொண்டால், இப்பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்க வேண்டியதன் தேவை தெளிவாகும்.