புரையும் வெப்பமும்: பௌடன், யொபி நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

புரை என்னுஞ் சொல் தமிழிலே குற்றத்தையும் குறிக்கும், உட்டுளையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் ஒன்று பௌதிகவியலில் உண்டு. வெடிமருந்துப் பளிங்கினுள் அமைந்த நுண்டுளையே அது. இத்துறையில் வழிகாட்டியாய் அமைந்தது, பௌடன், யொபி என்னும் இருவர் இயற்ற, 1952 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘திரவங்களிலும் திண்மங்களிலும் வெடிப்பின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்னும் ஆங்கில நூலாகும். அந்நூற் கொள்கையில் நிலைத்தது யாது, திருத்தம் வேண்டுவது யாது என ஆராய்தல் தகும்.

மலைநாட்டார்க்கு இப்பொருள் சேய்மையதன்று. 1884 இல் ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது. அதற்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலையைக் குடைந்தமைத்த சுரங்கம், இலங்கைப் புகையிரதச் சுரங்கங்களுள் மிக நீண்டது. 2012 இல் மின்னுற்பத்தி தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்திற்கெனத் தலவாக்கலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. கல்லைப் பிளப்போர் கையில் வெடிமருந்து அடங்கியிருத்தலும் வேண்டும். வேண்டியபொழுது தவறாது வெடித்தலும் வேண்டும். இவ்விரண்டும் ஒரு வினாவையே சார்ந்தன: அடிபட்ட பொருளில் வெப்பம் எங்கே பிறக்கிறது?

அடியின் சத்தி பொருளெங்கும் சமமாகப் பரவுமாயின் வெப்பநிலை சிறிதே உயரும், வெடிப்பு நிகழாது. ஆனால் நிகழ்கின்றது. ஆகவே சத்தி சிற்சில இடங்களிற் குவிதல் வேண்டுமென நூலாசிரியர் துணிந்தனர். அவ்விடமே வெப்பப் புள்ளி எனப்படும். அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்திலொரு பங்கு முதல் நூறிலொரு பங்கு வரையாகும். அதன் வெப்பநிலை ஏறக்குறைய 430 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது.

நூலின் சிறப்பு, இதற்குக் காட்டிய சான்றிலே உள்ளது. வெடிமருந்தோடு வெவ்வேறு பொருள்களின் துகள்களைக் கலந்து அடித்துப் பார்த்தனர். துகளின் வன்மையன்று, அதன் உருகுநிலையே முடிவைத் தீர்மானித்தது. உராய்வால் எழும் வெப்பநிலை, துகள் உருகும் நிலையைக் கடந்து செல்லாது. ஆதலின் தாழ்ந்த வெப்பநிலையில் உருகுந் துகள் தீங்கு செய்யவில்லை. ஏறக்குறைய 430 பாகைக்கு மேல் உருகுவன வெடிப்பை எளிதாக்கின. துகளே வெப்பமானியாய் நின்றது. எளிமையும் ஆழமும் ஒருங்கே வாய்ந்த சான்று இது.

எனினும் சம்மட்டியடி வேறு; அதிர்ச்சி அலை வேறு. அலை ஒரு நுண்டுளையைக் கடக்கும் காலம், ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கிய சில கூறுகளே. நூல் பெரிதும் வலியுறுத்திய காரணங்கள் துகளுராய்வும், அடைபட்ட வாயு அமுக்குண்டு சூடேறலுமாம். அதிர்ச்சி அலையிலோ, துளையின் ஒருபுறச் சுவர் எதிர்ச்சுவரை நோக்கிப் பாய்ந்து மோதுகின்றது. சுற்றியுள்ள திண்மம் நெகிழ்ந்து உருமாறுகின்றது. துளையில் வாயு இல்லாவிடினும் இவ்வாறு வெப்பம் பிறக்கும்.

1961 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக் கம்பெல் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. ஒருசீரான திரவத்தில் அலை கடந்தபின் அமுக்குண்ட பகுதி முழுதும் சூடேறி வெடிப்புத் தோன்றுகின்றது. துகள்களை அமுக்கிச் செய்த திண்மமோ, குறையற்ற தனிப் பளிங்கை வெடிப்பிக்க வேண்டிய அமுக்கத்தினும் மிகத் தாழ்ந்த அமுக்கத்திலேயே வெடிக்கின்றது. அத்திண்மத்தைப் புரையெல்லாம் அடைபட அமுக்கிவிடின் அது மந்தமாதலும் உண்டு. எல்லாப் புரையும் வெடிப்பைத் தருவனவல்ல. மிகச் சிறியவற்றிற் பிறந்த வெப்பம், இரசாயனத் தாக்கம் வளருமுன் சுற்றுப்புறத்திற் பரந்து மறையும். இன்று கல்லுடைப்பிற் பயன்படும் நீர் கலந்த குழம்பு வெடிமருந்துகளில் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களையோ வாயுக் குமிழ்களையோ வேண்டுமென்றே சேர்ப்பது இவ்வுண்மை பற்றியே.

ஆகவே, வெடிப்பைத் தொடக்குவது சராசரி வெப்பமன்று, ஓரிடத்துக் குவிந்த வெப்பமே என்னும் கொள்கை நிலைத்தது. அக்குவிப்பை நிகழ்த்தும் காரணம் அடியின் விரைவுக்கேற்ப மாறும் என்பதே வேண்டிய திருத்தம். இரண்டையும் ஒன்றாக மயங்கக் கற்பித்தல் தகாது. திருத்தம் வந்தமையால் நூலின் பயன் குன்றிற்று என்பதும் தவறு. வெடிமருந்து அறையின் நிலத்தில் மணல் கிடத்தலாகாது என்பது தொழிலாளர் அறிந்த விதி. மணல் உருகுவது 1,600 பாகைக்கு மேலேயாம். அவ்விதியின் காரணத்தை இன்றும் தெளிவாக உரைப்பது அந்நூலே.