பனியில் அழுத வீரன்

ஜப்பானில் ஞாயிறு காலை என்றால் ‘காமென் ரைடர்’. 1971-இல் திரைக்கு வந்த, ஷோதாரோ இஷினோமோரியின் முகமூடி வீரன் இப்போது ஆண்டுக்கொரு புதுத் தொடராக வருகிறான். முடிவு நெருங்க நெருங்க ரசிகர்களுக்கு இருப்புக் கொள்ளாது: யார் பிழைப்பார், யார் மடிவார்? 2000-இல் தொடங்கிய ‘கூகா’ தொடர் அந்தத் தவிப்புக்குத் தந்த விடை அபாரம். கடைசிச் சண்டையில் மாற்றுருவம் கலைந்து, நாயகனும் வில்லனும் வெறும் மனிதர்களாகப் பனியில் குத்திக்கொள்கிறார்கள். ரத்தம் தெறிக்க வில்லன் சிரிக்கிறான். நாயகன் கோடாய் அழுதுகொண்டே அடிக்கிறான். அடுத்து வரும் இறுதி அத்தியாயத்தில் சண்டையே இல்லை. அவனை நினைத்துப் பேசும் மனிதர்கள்தான். அடிக்கிற கைக்கும் வலிக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் துணிச்சல் எத்தனை வீரக்கதைகளுக்கு உண்டு? எந்தத் தொடர் முடியும்போதும் எனக்கு இதுதான் உரைகல்.