சத்தத்தை நிறுத்திவிட்டு 'டாக் விஸ்பரர்' பார்ப்பது

'டாக் விஸ்பரர்' தொடரை எப்படிப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். டிவியின் சத்தத்தை முழுசா நிறுத்திவிடுங்கள். பின்னணி இசை வேண்டாம், சீஸர் மிலான் கொடுக்கும் விளக்கம் வேண்டாம், "எங்க நாயா இது!" என்று வாயைப் பிளக்கும் வீட்டுக்காரர்களின் குரலும் வேண்டாம். நாயை மட்டும் பாருங்கள். நாய்க்கு எப்படியும் வசனம் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2004 முதல் 2012 வரை நேஷனல் ஜியாக்ரஃபிக் சேனலுக்காக எடுக்கப்பட்ட அமெரிக்கத் தொடர் இது. மெக்ஸிகோவில் பிறந்து, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு வந்து, நாய் குளிப்பாட்டும் வேலையில் தொடங்கி உலகப்புகழ் பெற்றவர் மிலான். ஒவ்வொரு பகுதியும் ஒரே அச்சில் வார்த்தது. முதலில் நாய் செய்யும் அட்டகாசத்தை வீட்டுக்காரர்களே எடுத்த வீடியோவில் காட்டுவார்கள். அடுத்து மிலான் வருவார், சோஃபாவில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார். பிறகு கயிற்றைக் கையில் வாங்குவார். ஒரு வெட்டு இழுப்பு, 'ட்ஷ்' என்று ஒரு சத்தம், விரல்களைக் குவித்து விலாவில் ஒரு குத்து. பத்து நிமிஷத்தில் நாய் அடங்கி நிற்கும், வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். நடுவில், 'நிபுணரைக் கேட்காமல் வீட்டில் முயல வேண்டாம்' என்ற எச்சரிக்கை வந்து போகும். கத்திச்சண்டைப் படத்துக்குக் கூட அப்படி ஒரு எச்சரிக்கை போடலாம். ஆனால் தன்னை வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் தோரணையிலேயே எடுத்த தொடர் இது.

என் புகார் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியது. மிலான் நாயை என்ன செய்கிறார் என்பது பாதிப் பிரச்சினைதான். அசையாமல் நிற்கும் நாயை அமைதியான நாய் என்று பார்க்க நம் கண்ணை அவர் பழக்கிவிடுகிறார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சத்தத்தை நிறுத்தினால் இந்தப் பழக்கம் கலையும்.

அப்போது என்ன தெரியும்? பசியே இல்லாத நேரத்தில் நாய் நாக்கை நீட்டி மூக்கை நக்கும். தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் ஆள்மேல் வைத்திருக்கும். அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி ஓரத்தில் தெரியும். காது பின்னால் மடங்கி மண்டையோடு ஒட்டும், வால் அடிவயிற்றுக்குப் போகும், உடம்பு சட்டென்று கல்லாகும். நாய் வளர்ப்பவர்கள் வெடிச்சத்தம் கேட்கும் தீபாவளி ராத்திரியில் இவை எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் 'ஆகா, எவ்வளவு சாந்தமா இருக்கான்' என்று சொல்ல மாட்டார்கள். திரையில் அதே உடம்பைப் பார்த்துத்தான் சாந்தம் என்கிறோம், ஏனென்றால் அப்போது இசை மென்மையாகிவிடுகிறது.

இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு 2012-இல் வந்த ஹாலி பகுதி. ஹாலி ஒரு லேப்ரடார். சாப்பிடும்போது யாராவது தட்டுப் பக்கம் வந்தால் உறுமும். மிலான் தட்டை நெருங்குகிறார், நாய் எச்சரிக்கிறது, அவர் கழுத்தில் குத்துகிறார். அது பல்லைக் காட்டுகிறது. அவர் விலகவில்லை, மேலே மேலே நெருங்கி அதைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறார். நாய் பின்வாங்குகிறது, முகத்தைத் திருப்புகிறது, நாக்கால் உதட்டை நக்குகிறது, கடைசியில் படுத்தும் விடுகிறது. 'வேண்டாம்' என்று நாய்ப் பாஷையில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லியாயிற்று. அவர் கையை முகத்தருகே கொண்டுபோகிறார். கடி. சும்மா பல் படுகிற கடி இல்லை, கையிலிருந்து ரத்தம் சொட்டுகிறது.

இது வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று பிறகு மிலான் சொல்கிறார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருடைய அகராதியில் படுத்த நாய் பணிந்த நாய். பணிந்த நாய் ஏன் கடிக்கப் போகிறது? சத்தமில்லாமல் பார்த்தால், பயந்துபோன ஒரு பிராணியின் ஒவ்வொரு கதவையும் ஒருவர் வரிசையாகச் சாத்திக்கொண்டே போவது தெரியும். இத்தனைக்கும் அந்தக் காட்சியை வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். அது நேர்மையாகவும் இருக்கலாம், பார்வையாளர் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். எப்படியோ, நாயின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்படம் எனக்குக் கிடைத்ததில்லை.

பணிவு, தலைமை, கூட்டத் தலைவன் என்ற இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்த்துவிடலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். சிறைபோன்ற அடைப்பு, தப்பி ஓட இடமில்லை, ஓநாய்கள் ஓயாமல் சண்டை போட்டன. அதிலிருந்து, ஓநாய்க் கூட்டம் என்றால் தலைமைக்கான போட்டி என்ற படம் பிறந்தது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பரவலாக்கியது. பிறகு மெக் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை காட்டு ஓநாய்களோடு கிடந்தார். அங்கே அவர் பார்த்தது அப்பா, அம்மா, இரண்டு மூன்று ஈட்டுக் குட்டிகள். அவ்வளவுதான். ஒரு சாதாரணக் குடும்பம். வயதுவந்த பிள்ளை வீட்டை விட்டுப் போய்த் தனிக்குடித்தனம் வைக்கும். அப்பாவைக் குப்புறத் தள்ளி அரியணை ஏறாது. 1999-இல் அவர் இதைக் கட்டுரையாக எழுதி, ஆல்ஃபா என்ற சொல்லையே காட்டு ஓநாய்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வாதிட்டார். தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-இல்தான் அது நின்றது.

இதற்குள் அந்தக் கருத்து ஓநாயிடமிருந்து வீட்டு நாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978-இல் எழுதிய பயிற்சி நூல், நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்தும் 'ஆல்ஃபா புரட்டலை'ப் புகழ்பெறச் செய்தது. அவர்களே 2002 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் மிலானின் தொடர் தொடங்குகிறது! மடத்தில் கைவிட்டது டிவியில் மறுவாழ்வு பெற்றது.

ஓநாயைத் தேடி ஆர்க்டிக் வரை போவானேன், நம் தெருவிலேயே நாய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல வருஷங்களாகத் தெருநாய்களை மட்டுமே ஆராய்கிறார்கள். குட்டிகளைப் பெற்ற தாய் மட்டும் இல்லாமல் கூட்டத்தின் மற்ற பெண் நாய்களும், ஆண் நாய்களும் கூடப் பார்த்துக்கொள்வதைப் பதிவு செய்து, 2018 கட்டுரைக்கு 'இந்தியாவின் மாபெரும் கூட்டுக்குடும்பம்' என்ற பொருளில் தலைப்பே வைத்தார்கள். மறு பக்கமும் உண்டு: அதே குட்டிகள் அடுத்த தாயிடம் பால் திருடிக் குடிப்பதையும் எழுதியிருக்கிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதிலே எதுவும் ஆச்சரியமாக இருக்காது. அன்பு, பகிர்வு, திருட்டு, பூசல் எல்லாம் இருக்கின்றன. சிம்மாசனம் மட்டும் இல்லை.

சரி, கருத்து தப்பாக இருந்தால் என்ன, வேலை செய்கிறதே என்பது இந்தத் தொடரின் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் லேப்ரடார் இருக்கிறது. அந்த வீட்டில் ஏழு வயதுப் பையனும் இருக்கிறான். அது பையனைப் பார்த்து இரண்டு முறை உறுமியது என்று பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். உறுமினால் உடனே மூக்கில் அடித்து, கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்தச் சொன்னார் அவர். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டால் வீடியோவில்தான் என்றாராம். இரண்டு வாரம் கழித்து லிஃப்ட்டில் பார்த்தபோது பையனின் அப்பா பெருமையாகச் சொன்னார்: "இப்பெல்லாம் உறுமறதே இல்ல சார், நல்லா அடங்கிட்டான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. உறுமல் என்பது நாய் கொடுக்கும் நோட்டீஸ். நோட்டீஸை அடித்து நிறுத்திவிட்டால் கோபமும் பயமும் போயிற்று என்று யார் சொன்னது? அடுத்த முறை நோட்டீஸ் இல்லாமல் வரும். பையனின் முகம் நாயின் முகத்துக்கு நேர் உயரத்தில் இருக்கிறது. இதை முடிந்தவரை பதமாக அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் நம்மள லீடரா ஏத்துக்கிச்சு சார்" என்றார். நாலாவது மாடி வந்துவிட்டது.

இது வெறும் என் பயம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் மெகன் ஹெரனும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டிவந்த 140 பேரிடம், இதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படி எதிர்வினை காட்டியது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் திருப்பி ஆக்ரோஷம் காட்டியிருந்தன. மல்லாக்கப் புரட்டியதில் 31 சதவீதம், முறைத்துப் பார்த்ததில் 30 சதவீதம். ஏற்கனவே பிரச்சினை உள்ள நாய்கள்தான் அந்த மருத்துவமனைக்கு வரும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் மிலான் தொடரில் வருவதும் பிரச்சினை உள்ள நாய்கள்தானே.

நாயின் முகத்தைத் தப்பாகப் படிப்பதில் மிலான் தனி ஆள் இல்லை, நாம் எல்லோரும் கூட்டாளிகள். செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு, நாம் வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக் கட்டிலுக்கு அடியில் போகும் நாயைப் பார்த்து, "செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது பாரு" என்று சொல்லாத வீடு உண்டா? அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். 14 நாய்கள். தொடக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போகிறார். திரும்பி வருபவரிடம் சில சமயம் நாய் தின்றுவிட்டது என்றும் சில சமயம் தின்னவில்லை என்றும் சொல்வார்கள். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்தக் 'குற்ற முகம்' தின்ற நாய்க்கு அதிகமாக வரவில்லை, திட்டு வாங்கிய நாய்க்குத்தான் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. பாவம்.

மிலானுக்கு நியாயம் செய்யாமல் விடக்கூடாது. கொல்லப்படுவதற்கு இருந்த எத்தனையோ பிட்புல் நாய்களுக்கு அவர் இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். நாய்க்கு முதலில் தேவை உடற்பயிற்சி, வீட்டுப் பிரச்சினைகளில் பாதி நடை போதாததால் வருவது என்று அவர் ஓயாமல் சொல்வது சரி. காலையில் லிஃப்ட்டில் இறக்கி, மூத்திரம் போனதும் அஞ்சே நிமிஷத்தில் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு போகும் நம் ஃபிளாட் வாசிகளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மனிதர்களிடம் அவர் பேசும் விதமும் பிடிக்கும். கேலி கிடையாது, பணக்காரர், ஏழை வித்தியாசம் கிடையாது.

ஹாலிக்கு வேறு என்ன செய்திருக்கலாம்? வழி ஒன்றும் ரகசியம் இல்லை. நாய் உறுமாத தூரம் எது என்று முதலில் பார்ப்பது. பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடியில் நின்று தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு கோழித்துண்டைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். நாளைக்கும் அதேதான், நாளை மறுநாளும் அதேதான். ஆள் வருவதைப் பார்த்ததும் நாய் தலையைத் தூக்கி ஆவலோடு பார்க்க ஆரம்பித்தால் ஒன்பதடி. தட்டைப் பறிக்க வருகிறவர் என்பது போய், தட்டில் போட வருகிறவர் என்று அதன் கணக்கு மாறும் வரை இப்படியே. வாரக்கணக்கில் ஆகலாம். உறுமினால் அன்றைக்குக் கிட்டே போய்விட்டோம் என்று அர்த்தம், ஒரு அடி பின்னால் வர வேண்டும். பையன் சாப்பாட்டு நேரத்தில் வேறு அறையில் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும்.

படித்துப் பாருங்கள், எவ்வளவு சப்பென்று இருக்கிறது. இதை யார் டிவியில் போடுவார்கள்? பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய 'இட்ஸ் மீ ஆர் த டாக்' தொடரில் விக்டோரியா ஸ்டில்வெல் அடியில்லாத, வெகுமதி கொடுக்கும் பயிற்சியைத்தான் காட்டினார். தொடர் ஓடவும் செய்தது. ஆனால் அதன் சுவாரசியம் பெரும்பாலும் வீட்டுக்காரர்களை அவர் வறுத்தெடுப்பதில்தான் இருந்தது. நாய்க்கு வேண்டிய நேரமும் நிகழ்ச்சிக்கு வேண்டிய நேரமும் ஒத்துவரவே வராது. மிலானின் உடல்பலமும் இழுப்பும் அந்த இடைவெளியை நிரப்பவே வந்தன என்று சில சமயம் தோன்றுகிறது.

இருந்தும் இந்தத் தொடரை நான் விடாமல் பார்க்கக் காரணம் டாடி. மிலானோடு பல பகுதிகளில் வரும் கிழட்டு பிட்புல், 2010-இல் 16 வயதில் இறந்துபோனது. மிரண்டு மூலையில் ஒடுங்கிய நாய் இருக்கும் அறைக்குள் டாடியைக் கூட்டிவரும் காட்சிகளைச் சத்தமில்லாமல் பாருங்கள். அது நேராகப் போகாது. தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, தரையை முகர்ந்தபடி அசமந்தமாகச் சுற்றிவரும். பாதி நேரம் மூலையில் இருக்கும் நாயைப் பார்ப்பதே இல்லை. கொஞ்ச தூரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விடும். சற்று நேரத்தில் மூலையிலிருந்து ஒரு மூக்கு மெல்ல வெளியே நீளும். திரையின் மறு ஓரத்தில் மிலான் ஆற்றலைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார்.