இரசிகனுக்கு இரண்டு முகமூடிகள்

பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தை நுணுகி ஆராயும் வாசகர் பலர், விளையாட்டுச் செய்தியை அரசியலற்ற பொழுதுபோக்கெனக் கருதிக் கடந்துவிடுகின்றனர். ஆயின், ஒரு சமுதாயத்தின் ஆளும் பகுதியினர் உழைக்கும் மக்களை எவ்வாறு மதிக்கின்றனர், அயல்நாட்டாரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பன அங்குதான் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன. இதற்குச் சான்றாகப் பிரித்தானியப் பத்திரிகைகள் இரண்டின் முதற்பக்கங்களை ஈண்டு நோக்குவோம்.

1989 ஏப்ரல் 15ஆம் நாள் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்ப்பூல் அணியின் உதைபந்தாட்ட அரையிறுதிப் போட்டி நடைபெற இருந்தது. வெளியே நெரிசல் மிகவே, பொலிசார் வெளிவாயில் ஒன்றைத் திறந்துவிட்டனர். கம்பிவேலியிட்ட அடைப்புகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. சனங்கள் அவற்றினுள்ளேயே சென்று நெருக்குண்டனர். அந்நெரிசலுக்குப் பலியானோர் 97 பேர். இவருள் இறுதியானவர் 2021இல் உயிர்நீத்தார். நான்கு நாட்களின் பின்னர் 'த சன்' பத்திரிகை, 'உண்மை' எனப் பெருந்தலைப்பிட்டு, இரசிகர்கள் பலியானோரின் சட்டைப்பைகளில் திருடினர் என்றும், பொலிசார்மீது சிறுநீர் கழித்தனர் என்றும், உயிர்காக்க முயன்ற பொலிஸ்காரரைத் தாக்கினர் என்றும் எழுதியது.

இவை பொய்கள். பொலிசார் கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியமையே தலையாய காரணம் என நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை அவ்வாண்டிலேயே கூறிற்று. பொலிசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தமையை 2012இல் சுயாதீனக் குழுவொன்று வெளிக்கொணர்ந்தது. அதன் பின்னரே 'த சன்' தன் முதற்பக்கத்தில் மன்னிப்புக் கோரிற்று. 2016இல் மரண விசாரணை யூரிமார், அதுவரை இறந்திருந்த 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்களின் நடத்தை அதற்கு ஏதுவாகவில்லை என்றும் தீர்ப்பளித்தனர். பெற்றோர் தம் பிள்ளைகளின் நற்பெயரை மீட்க 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

அப்பொய் நம்பப்பட்டமை ஏன்? 1985இல் பிரசெல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்ப்பூல் இரசிகர் சிலர் எதிரணியினர்மீது பாய்ந்ததைத் தொடர்ந்து, பெரும்பாலும் இத்தாலியரான 39 பேர் மாண்டனர். இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், சிலரின் குற்றம் ஒரு நகரத்தின் இயல்பாக்கப்பட்டது. அந்நகரமோ வேலையின்மையால் நலிந்திருந்த துறைமுக நகரம். 1984இல் ஓர்கிரீவில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரை அடக்க நின்ற தென் யோர்க்ஷயர் பொலிஸ் படையே ஹில்ஸ்பரோவிலும் பொறுப்பாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது முதற்பக்கம் 1996 யூன் 24ஆம் நாளுக்குரியது. ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்தும் ஜேர்மனியும் மோதுமுன், இலண்டன் 'டெய்லி மிரர்' இங்கிலாந்து வீரர் இருவரின் தலையில் போர்க்காலத் தொப்பிகளை ஒட்டி, ஜேர்மானியரைச் சரணடையுமாறு கேட்டது. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது! ஜேர்மனி வென்ற இரவு இலண்டன் டிரவல்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. பிரைட்டனில் ரஷ்ய மாணவர் ஒருவர், ஜேர்மானியரெனக் கருதப்பட்டுக் கத்தியாற் குத்தப்பட்டார். பத்திரிகையே கத்தியைக் கொடுத்தது என்றால் அது மிகையாகும். எனினும், அயலானைப் பகைவனாகக் காணும் மனப்பாங்கிற்கு அது எரியூட்டியது என்பதை மறுக்கவியலாது. தொழிற்கட்சியை ஆதரித்துவந்த பத்திரிகையே இதனைச் செய்தது என்பது முற்போக்காளர் சிந்திக்கத்தக்கது.

இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். உள்ளூர்ப் போட்டியில் விலங்காகச் சித்திரிக்கப்படும் அதே தொழிலாளி, நாட்டின் அணி ஆடும்போது போர்வீரனாக அழைக்கப்படுகிறான். முன்னையதில் அவன் தன் வர்க்கத்தின் காரணமாக இழிவுபடுத்தப்படுகிறான். பின்னையதில் வர்க்கத்தை மறந்து 'தேச'த்தினுட் கரைந்துபோகுமாறு கேட்கப்படுகிறான். இரண்டிலும் அவன் முகம் மறைக்கப்படுகிறது.

யதார்த்த இலக்கியமும் வகைமாதிரியான மனிதரைப் படைக்கின்றதே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆனால், நல்ல நாவலாசிரியன் படைக்கும் வகைமாதிரி, அம்மனிதனை உருவாக்கிய சமூக உறவுகளை நமக்குக் காட்டுகின்றது. பத்திரிகையின் அச்சுவார்ப்போ அவற்றை மறைக்கின்றது. ஹில்ஸ்பரோவின் கம்பிவேலியும் வாயிற்கதவும் அதிகாரிகளின் தீர்மானங்களும் 'குடிகாரக் கூட்டம்' என்ற ஒரு படிமத்தின் பின்னே மறைந்துபோயின.

வகுப்பறையில் செய்யுளுக்குப் பொருள் காணப் பயிற்றும் நாம், செய்தியையும் அவ்வாறே வாசிக்கப் பயிற்றுதல் வேண்டும். இதனைக் கூறியவர் யார்? கண்டவரா, கேட்டவரா? பழிக்கப்பட்டவரின் குரல் எங்கே? லிவர்ப்பூல் மக்கள் இவ்வினாக்களை எழுப்பியதோடு அமையவில்லை. 1989 தொட்டு அவர்களுட் பெரும்பாலோர் அப்பத்திரிகையை விலைகொடுத்து வாங்குவதில்லை. அதனை விற்க மறுக்கும் கடைகளும் அங்குள. கற்றறிந்த விமர்சகர் எவரும் வழிகாட்டாமலே, சாதாரண மக்கள் இத்துணைக் காலம் ஒரு பொய்யை நிராகரித்து நிற்கின்றனர். அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு.