கோர்வையை அவிழ்க்கும் நொதி

காஞ்சிப் பட்டைக் கையில் வாங்கினால் என் கண் ஜரிகைக்குப் போகாது. உடலும் கரையும் கூடும் கோட்டுக்குத்தான் போகும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். பிணைப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தப் பட்டைச் சுரந்த புழுவின் உலகிலும் ரசிக்க ஒரு கோர்வை உண்டு.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அஞ்சும் கிராசரி நோயில் புழு உப்பி, தோல் கிழிந்து, பால்போல் நீர் வடியும். பாகுலோவைரஸின் வேலை அது. இதை எதிர்க்கப் புழுவுக்கு ‘ஸ்டிங்’ என்ற புரதம் துணை நிற்பதை 2018இல் காட்டினார்கள். நம் செல்களிலும் ஸ்டிங் உண்டு. வைரஸ் டிஎன்ஏ நுழைந்தால் ஸ்டிங்கை எழுப்புவது சிஜிஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு: இரண்டு நியூக்ளியோடைடுகள், இரண்டு பிணைப்புகள், ஒரு வளையம்.

இந்த வளையத்தை அறுக்கும் நொதியை 2019இல் ஹார்வர்டின் பிலிப் கிரான்சுஷ் குழு வாக்சினியா வைரஸில் கண்டது. பாக்சின் என்று பெயரிட்டது. அதன் உறவுகள் பாகுலோவைரஸ்களிலும், சில அந்துப்பூச்சிகளிலுமே இருந்தன! பாக்சினின் நேர்த்தியை என்ன சொல்ல! இரண்டு பிணைப்பில் ஒன்றை மட்டும் அறுக்கும், மற்றதைத் தொடாது. உலோக அயனி எதையும் துணைக்கு அழைக்காது. வளையத்தை வளைத்துப் பிடித்து, அதிலேயே பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை ஏவி, அந்தப் பிணைப்பைத் தாக்க வைக்கும். வளையம் நீண்டுவிட்டால் ஸ்டிங் விழிக்காது.

இந்தக் கலை பூச்சிகளுக்கும் மூத்தது. வைரஸ் தொற்றிய பாக்டீரியாக்கள் பலவும் இப்படி வளைய மூலக்கூறுகளைச் செய்தே எச்சரிக்கை எழுப்புகின்றன. வைரஸ் பெருகும் முன் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். டி4 என்ற வைரஸ், ஏசிபி1 என்ற நொதியால் அந்த வளையங்களை உடைத்து இதைத் தடுப்பது 2022இல் தெரிந்தது.

ஆனாலும் நான் மிகவும் மதிப்பது வெந்நீர் ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸ் நுண்ணுயிரின் நொதியை. 2018இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மால்கம் வைட் குழு அதை அடையாளம் கண்டது. அங்கும் எச்சரிக்கை ஒரு வளைய மூலக்கூறுதான். ஆனால் அதை அறுப்பது எதிரி அல்ல, செல்லேதான். எச்சரிக்கை தொடர்ந்தால் வைரஸின் ஆர்என்ஏவோடு செல்லின் ஆர்என்ஏவும் சிதையும். அதனால் தானே எழுப்பிய எச்சரிக்கையைச் செல் தானே அடக்குகிறது, அதுவும் மெதுவாக. இதே வளையத்தை வைரஸ்களின் நொதி நொடியில் தீர்த்துவிடும். செல்லின் நொதியோ பாதுகாப்புக்கு வேலை செய்ய அவகாசம் கொடுத்து அறுக்கிறது. வேகத்தைவிட இந்த நிதானத்தில்தான் கைத்திறன் கூடுதல் என்பேன்.